மூலைப் பூட்டு

எனக்கு வேலை படிப்பித்தவளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற தையல் டீச்சரிடம் வேறென்ன கேட்பார்கள்? கண் கலங்கி, கை கூப்பி, 'அவர் இல்லையென்றால் நான் இல்லை' என்று முடிக்கும் ஒரு கட்டுரையை எதிர்பார்க்கிறார்கள் போலும். அவள் இல்லையென்றால் நான் இல்லை என்பது உண்மைதான். அதற்காகக் கை கூப்ப முடியாது. 'அவர்' என்று எழுதக்கூட எனக்கு மனசு வரவில்லை. நேரில் ஒருநாளும் நான் அவளை 'அக்கா' என்றல்லாமல் அழைத்ததில்லை, 'நீங்க' என்றல்லாமல் பேசியதில்லை. கொடுக்க வேண்டிய மரியாதையெல்லாம் அப்போதே கொடுத்துத் தீர்த்தாயிற்று.

பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் இடையில் ஒரு கிறிஸ்தவ ஆலயம். அதன் பின்புறம் தென்னைகளுக்கு நடுவே ஓடு வேய்ந்த நீண்ட அறை. அதுதான் எங்கள் தையல் அறை. மிஷின் கிடையாது, எல்லாம் கைத்தையல். கைக்குட்டை, மேசை விரிப்பு, குழந்தைச் சட்டை என்று தைத்துக் கொடுப்போம். அவை கப்பலேறிப் போகும் என்பார்கள். எங்கே போனதென்று எங்களுக்குத் தெரியாது. காலையில் ஜெபம் முடிந்ததும் பெஞ்சுகளில் வரிசையாக உட்காருவோம். அறையின் கோடியில், ஜன்னலோரம் மேசை போட்டு அவள் இருப்பாள். வெள்ளைச் சேலை, இடுப்பில் நாடாவில் தொங்கும் கத்தரி, சிரிக்கத் தெரியாத ஒரு முகம்.

தைத்து முடித்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். மறித்துப் போட்டு, பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பூவும் கொடியும் யார் வேண்டுமானாலும் அழகாகத் தைக்கலாம், நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மறைக்கத் தெரிந்தவள்தான் தையல்காரி என்பது அவளுடைய வேதம். பிடிக்கவில்லையென்றால் அங்கேயே கத்தரியை எடுத்து, எல்லோரும் பார்க்க, தையலை அறுத்துப்போடுவாள். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். துணியைத் தன் இடப்பக்கம் வைத்துவிட்டு அடுத்தவளைப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளிடம் கிடைக்கும் பாராட்டு. 'கொள்ளாம்' என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

நான் தைத்த முதல் கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஏட்டி, இது மூஞ்சி தொடைக்கவோ, சட்டி தொடைக்கவோ?" என்று கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினேன். இவளுடைய இடப்பக்கத்தில் என் துணி விழாமல் விடமாட்டேன் என்று அன்றே மனசுக்குள் கறுவிக்கொண்டேன். விழுந்தது. பிறகு என் துணி வேறெங்கும் விழவில்லை.

கைத்தையலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் மூலை. இரண்டு பக்கத்து மடிப்பும் வந்து சேரும்போது அங்கே ஒரு முண்டு எழும்பும். அவள் உள்துணியைச் சாய்வாக வெட்டி, மூலையை முடிபோல ஒரு கோடு மட்டும் தெரிய மடக்குவாள். கடைசி நூலுக்கு முடிச்சே கிடையாது. அதை மடிப்புக்குள்ளேயே திருப்பி ஓட்டி ஒளித்துவிடுவாள். பிடித்து இழுத்தால் நூல் பிரியாது, இன்னும் இறுகும். அதற்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். அதை யாருக்கும் காட்டியதில்லை. மூலை வந்தால் துணியை வாங்கித் தானே முடித்துக் கொடுத்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் மற்றவர்கள் வெளியே அவித்த மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"வாசல மறைச்சு இரி," என்றாள். "நான் செத்தா இது எனக்க கூடப் போயிரும். அதனாலயாக்கும் ஒனக்குக் காட்டுதேன். வேற ஒரு கழுதைக்கும் காட்டப்பிடாது, கேட்டியா?"

காட்டினாள். நான் தப்புத் தப்பாகப் போட்டேன், அவள் அறுத்தாள், மறுபடி போட்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஊரில் பூட்டுப் போடத் தெரிந்த கைகள் இரண்டுதான், அதில் ஒன்று என்னுடையது என்று அம்மையிடம் பீற்றிக்கொண்டேன். அந்தப் பெருமை ஒருநாள் என் வீட்டு வாசலுக்கே வரும் என்று அப்போது தெரியவில்லை.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த வருஷங்கள் அவை. நாங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம், திருவிதாங்கூர் பிரியக் கூடாது என்று இன்னொரு பக்கம். தையல் அறையிலும் பாதிப் பேர் வீட்டில் மலையாளம், பாதிப் பேர் வீட்டில் தமிழ், அறைக்குள் எல்லோருக்கும் இரண்டும். சண்டை ஒன்றும் வரவில்லை, ஆனால் பேச்சு குறைந்துபோயிற்று. அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "ஆரு ஆண்டாலும் கைக்குட்டைக்கு நாலு மூலைதான் உண்டு, தைங்கட்டீ" என்பாள்.

என் அண்ணன் போராட்டத்தில் இருந்தான். கொப்பரைக் களத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழு. கனத்த குரல் அவனுக்கு. அவன் கீழ்ச்சுருதியில் பிடித்தால் பெஞ்சு அதிரும் என்று அம்மை சொல்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனாலும் அவன் பாடாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை சப்பென்றிருக்கும். ஒருநாள் அவன் ஊர்வலத்துக்கென்று கொடித்துணி கொண்டுவந்து என் மடியில் போட்டான்.

"சும்மா ஒரு ஓட்டுத்தையல் போட்டுக் குடு மக்கா. நூலு பிரியாம இருந்தா போரும்."

ஓட்டுத்தையல் போடத்தான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. கொடிக்கு யாராவது மூலை மடக்குவார்களா? கம்பில் கட்டி வெயிலில் பிடிக்கப்போகும் துணி, பின்பக்கத்தை எவன் பார்க்கப்போகிறான்? ஆனால் முண்டு எழும்பிய மூலையைப் பார்த்தபோது அந்தக் கத்தரி என் கண்முன் வந்து நின்றது. பிரித்து, வெட்டி, மடக்கி, பூட்டுப் போட்டேன். எல்லா மூலைக்கும் போட்டேன். இப்படியொரு முட்டாள்தனம் அந்தத் தையல் அறையில் வளர்ந்தவளுக்குத்தான் வரும்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊர்வலத்தில் தடியடி நடந்தது. அண்ணன் தப்பி வந்துவிட்டான். கொடி ரோட்டில் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு முற்பகலில் இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு தையல் அறைக்குள் வந்தார். கையில் அந்தக் கொடி. இது மிஷின் தையல் இல்லை, கைத்தையல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைத்தையல் என்றால் சுற்றுவட்டாரத்தில் எங்கள் அறைதான். கொடியை அவள் மேசைமேல் விரித்துப்போட்டு, இதைத் தைத்தது யார் என்று கேட்டார்.

யாரும் தலை தூக்கவில்லை. வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் தூக்கவில்லை, அதை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். எனக்கு ஊசி விரலில் ஏறி இரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி கேட்டார், மிரட்டினார், கடைசியில் சலித்துப்போனார். கொடியைச் சுருட்டிக்கொண்டே போலீஸ்காரரிடம், "சாக்கு தைக்குன்னவன் ஆரெங்கிலும் தைச்சதாவும். வா, போகாம்," என்றார். வாசல்படிவரை போயும்விட்டார்.

"நில்லுங்க சாறே."

அவள்தான். எழுந்து நின்றிருந்தாள். அவள் மலையாளத்தில்தான் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன். அந்தக் கொடியை இங்கே கொடுங்கள் என்றாள். வாங்கி, வழக்கம்போல மறித்துப்போட்டு, ஒரு மூலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இதில் முடிச்சு எங்கே என்று காட்டுங்கள் பார்ப்போம் என்றாள். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இந்த மூலையை இப்படி மடக்க இந்த நாட்டில் இரண்டு கைதான் உண்டு, ஒன்று என் கை என்றாள். அதற்குமேல் பேசவில்லை. விரலை நீட்டவுமில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

என்னை ஒன்றும் செய்யவில்லை. வீடு எங்கே, வீட்டில் ஆண்பிள்ளை யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஜீப்பு இருந்தது, எனக்கு வயல்வரப்புதான் இருந்தது. நான் ஓடிச் சேர்ந்தபோது அம்மை பாதி வெட்டிய மீனோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைக் கொண்டுபோயிருந்தார்கள்.

அவன் திரும்பி வந்தபோது உடம்பு வீங்கியிருந்தது. வீக்கம் வடிந்தது. வலது காது மட்டும் திரும்பக் கேட்கவில்லை, கொஞ்சநாளில் இடதும் மங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் போய் நின்றான். எல்லோரும் ஒரு சுருதியில் போக, அவன் தனியாக வேறெங்கோ போனான். அவனுக்கு அது தெரியவில்லை. முன்பெஞ்சுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் குழுவை நடத்துகிறவர் அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். அடுத்த வாரத்திலிருந்து அவன் பின்பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டு வந்தால் எழுந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான்.

எனக்கு வேலை போயிற்று. நிலைமை சரியாகும்வரை வரவேண்டாம் என்று நிர்வாகத்திலிருந்து ஆள்விட்டுச் சொன்னார்கள். வேலை போனதுகூடப் பெரிதில்லை. அவள் ஒருமுறை எங்கள் முற்றத்தில் வந்து நின்று, அண்ணன் முகத்தைப் பார்த்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அப்புறம் என் ஆயுளில் பாதி போயிற்று. அவள் வரவில்லை. ஆலயத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்த முதுகோடு பிரசங்கம் கேட்பாள். நான் அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெபத்தில் மன்னிப்பதைப் பற்றிய வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன்.

ஏன் சொன்னாள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் கெட்டது. இரண்டு கைதான் என்றால் தன் கைமேல் பழி விழும் என்று பயந்தாளா? என் கை தன்னை மிஞ்சிவிடும் என்று பொறாமையா? மேலிடத்தில் நல்லபெயர் வாங்கவா? எதை வைத்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை. அவள் பயந்து நான் பார்த்ததில்லை, நல்லபெயருக்கு அலைந்தும் பார்த்ததில்லை.

அண்ணன் அவளை மன்னித்துவிட்டான். என்னிடம் கேட்காமலே மன்னித்துவிட்டான். சந்தையில் அவளைப் பார்த்து, அவள் வாங்கிய சக்கைப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தான். நான் அவன் நல்ல காதுப் பக்கம் போய் நின்று கத்தினேன்.

"போனது எனக்க காது மக்கா," என்று சிரித்தான். "நீ எதுக்குச் சாடுத?"

"ஒனக்க காதுக்கு நீ மன்னிப்பு குடுத்துக்க. எனக்க கைய வச்சில்லா ஒன்னப் பிடிச்சுக் குடுத்தா? அதுக்கு நீ ஆரு மன்னிக்க?"

அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். போதும் என்பதுபோல என் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

மாநிலம் பிரித்தார்கள். விளவங்கோடு வரைக்கும் தமிழகத்துக்குப் போயிற்று. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கமே, கேரளத்திலேயே நின்றது. கொடி தைத்த ஊர் கொடி கேட்ட இடத்துக்குப் போகவில்லை. நான் போனேன். தையல் பரீட்சை லோயரும் ஹையரும் எழுதினேன். பரீட்சை நடத்த வந்த அம்மா என் துணியை மறித்துப் பார்த்து, நூல் முடிந்த இடம் தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். யாரிடம் படித்தாய் என்று கேட்டாள். யாரிடமும் இல்லை என்றேன். சொல்லும்போது நாக்கில் கற்கண்டு வைத்ததுபோல் இருந்தது. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் எல்லை தாண்டிப் போய்வந்தேன்.

முதல் வருஷமே, முதல் வகுப்பிலேயே, பூட்டைச் சொல்லிக்கொடுத்தேன். பாடத்தில் இல்லாததைக் கரும்பலகையில் பெரிதாகப் படம் போட்டு, கைபிடித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும். ஊசி பிடிக்கத் தெரியாததுகளுக்கும், நாளைக்கே படிப்பை நிறுத்திக் கல்யாணம் கட்டிப் போகிறதுகளுக்கும். பூட்டுப் போடத் தெரியாமல் என் வகுப்பிலிருந்து ஒருத்தியும் வெளியே போகக் கூடாது என்று விரதம்போல வைத்திருந்தேன். நல்ல டீச்சர் என்று பெயர் வந்தது. அது டீச்சர் வேலையே இல்லை, பழிவாங்கல். அவள் வாசலை மறைத்து வைத்து எனக்குத் தந்ததை நான் சந்தையில் கொட்டி வாரிவிட்டேன். அந்தப் பெண்கள் மார்த்தாண்டத்துக்கும் குழித்துறைக்கும் குன்னத்துகாலுக்கும் கொல்லயிலுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். போன இடத்தில் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் அண்டைவீட்டாருக்கும் காட்டினார்கள்.

குன்னத்துகாலில் ஒரு கல்யாண வீட்டில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். யாரோ ஒரு கைக்குழந்தையின் சட்டையை வழக்கம்போல மறித்துப் பார்த்தவள், பந்தலில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தியாக்கும்?"

"ஆமா அக்கா. இனி எந்தப் போலீசு வந்தாலும் ஒங்களால ஆளச் சொல்ல முடியாது."

அவள் முகம் விழுந்துபோனதை நான் கண்குளிரப் பார்த்தேன். அன்று பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தேன்.

வருஷங்கள் போயின. அவளுக்குக் கண் போயிற்று, பிறகு படுக்கையில் விழுந்தாள். அவளைப் பார்த்துக்கொண்ட தங்கை மகள் என்னிடம் ஆள் அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் இறந்தவர் முகத்தில் ஒரு வெள்ளைத்துணி விரிப்பார்கள். தன் முகத்துக்கு விரிக்கும் துணியை நான்தான் தைத்துத் தர வேண்டும் என்று கேட்கிறாளாம். வேறு யார் தைத்தாலும் வேண்டாமாம்.

நான் தைக்கவில்லை. வகுப்பில் வாய் ஓயாமல் பேசி என்னிடம் அடி வாங்கும் ஒரு பெண் இருந்தாள். அவளிடம் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

கட்டிலில் எலும்பாகக் கிடந்தாள். என் குரல் கேட்டதும், "வந்தியா மக்கா? கொண்டுவந்தியா?" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். முதல் வேலையாகத் துணியை மறித்தாள். விரல் மடிப்போரமாக ஊர்ந்து போய் மூலையில் நின்றது. அங்கேயே கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்க கைதான். வேற ஆருக்கு வரும்," என்றாள். பிறகு, நான் கேட்காமலே, நேற்று நடந்ததுபோலச் சொன்னாள். "அன்னைக்கு அந்த ஆளு சாக்குன்னு சொல்லீட்டுப் போனான் பாத்தியா. எனக்குப் பொறுக்கல்ல மக்கா. என்ன வேணும்னாலும் சொல்லட்டு, சாக்குன்னு சொல்லலாமோ? எனக்க பிள்ளைக்க வேலையாக்கும் அது. அப்பிடியொரு மூலைய நான் கூட மடக்கினதில்ல."

இதுதானா? பயமில்லை, பொறாமையில்லை. போகவிருந்த ஆளைக் கூப்பிட்டு நிறுத்தியது என்னை மெச்சுவதற்காக. அத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு 'கொள்ளாம்' சொல்லாதவள், வாய்திறந்து என்னை மெச்சிய ஒரே நாள் அதுதான், அதையும் ஒரு போலீஸ்காரனிடம் சொன்னாள். அதற்கு விலையாகப் போனது என் அண்ணன் காது. அந்தக் காதைப் பற்றி இப்போதும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கு என்று சொன்னதுதான் இன்னும் அவளுக்கு ஆறவில்லை. பயந்து சொல்லியிருந்தால்கூட நான் ஒருவேளை மன்னித்திருப்பேன்.

"அது எனக்க கையில்ல அக்கா," என்றேன். "எங்கிட்ட படிக்கிற ஒரு பிள்ள தைச்சது. அதுக்க பேரு கூட ஒங்களுக்குத் தெரியாது. அப்பிடி நாடு முழுக்க ஆளு உண்டு. ஒங்களுக்கு இனி ஒரு கையும் தெரியாது."

அவள் விரல் மறுபடி அந்த மூலைக்குப் போயிற்று. பூட்டை நகத்தால் நெருடினாள், நூலைப் பிரிக்கப் பார்த்தாள். இறுகிற்றே தவிர, பிரியவில்லை. கடைசியில் துணியை ஒழுங்காக மடித்தாள். கையைக் கட்டிலில் தடவிப் பார்த்து, அதைத் தன் இடப்பக்கம் வைத்தாள்.

நான் வாறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அழவைக்கப் போனவள் நான். அவளோ சாகக் கிடந்தும் பரிசோதனை முடித்து, தேறிவிட்டது என்று என் பிள்ளையின் துணியை எடுத்து வைக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் ஸ்டாப் தாண்டி வெகுதூரம் நடந்துபோயிருக்கிறேன்.

அடக்கத்தன்று அந்தத் துணியை அவள் முகத்தில் விரிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பின்பக்கம் மேலே வரும்படி விரித்தேன். அவள் பார்த்த பக்கத்தை ஊரும் ஒருமுறை பார்க்கட்டும். பெட்டி மூடியதும் பாட்டு தொடங்கிற்று. என்னிடம் படித்தவர்கள் கூட்டத்தில் பலபேர் இருந்தார்கள், எல்லோரும் பாடினார்கள். அண்ணன் என் பக்கத்தில் நின்றான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, குழியைப் பார்த்தபடி நின்றான். பாட்டு முடியும்வரை அவன் வாய் மூடியிருந்தது.